கடன் நோட்டும் வாக்காளர் பட்டியலும்

காடாம்புலியூரில் மளிகைக் கடை வைத்திருப்பவன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நீளவாட்டு நோட்டு ஒன்று இருக்கும். பற்று எழுதுகிற நோட்டு. எந்த வீட்டில் எப்போது காசு புழங்குகிறது, எந்த வீட்டில் எந்த மாதம் கை வறண்டு போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வருமான வரி இலாகாவுக்குத் தெரியாத கணக்கு அது. தேர்தல் வந்தால் இன்னொரு நோட்டும் கடைக்கு வரும். கட்சிக்காரத் தம்பிகள் வாக்காளர் பட்டியலைக் கொண்டுவந்து, "அண்ணே, இந்த வீட்டுக்காரர் இப்ப எங்கே இருக்கார்?" என்று விசாரித்து டிக் அடித்துக்கொண்டு போவார்கள். இரண்டிலும் அநேகமாக ஒரே பெயர்கள்தான். ஆனால் என் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கனம் உண்டு. ஒருவருக்கு ஐயாயிரம் வரை யோசிக்காமல் பற்றுக் கொடுப்பேன். இன்னொருவருக்கு ஐந்நூறைத் தாண்டினால் கை தயங்கும். அவர்கள் கொண்டுவரும் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே கனம். நெய்வேலியில் நிரந்தர வேலை பார்ப்பவருக்கும் ஒரு ஓட்டு, முந்திரிக்கொட்டை உடைக்கும் அம்மாளுக்கும் ஒரு ஓட்டு.

ஓட்டு எண்ணி முடித்த பிறகு, ஜெயித்தவர் கையில் இருப்பது இந்த இரண்டில் எந்த நோட்டு? இதைப் பற்றி நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் ஏழெட்டு வியாபாரிகள் சேர்ந்து ஒரு மக்கள் பிரதிநிதியைப் பார்க்கப் போனோம். யார், எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. கடைத்தெருவில் மழைத்தண்ணீர் தேங்குவது சம்பந்தமான மனு. தேர்தல் சமயத்தில் நாங்கள் வசூல் பண்ணிக் கொடுத்திருந்ததால் கூச்சமில்லாமல் போனோம். வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் முந்திரி உடைக்கப் போகிறவர்கள் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரலை எந்த சோப்பும் வெளுக்க வைக்காது. சோப்பு விற்கிற நான் சொல்கிறேன். அவர்கள் காலை எட்டு மணிக்கே வந்தவர்களாம். நாங்கள் போய்ச் சேர்ந்தது பதினொன்றரைக்கு. சங்கத்தின் பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டார்கள், காபி வந்தது, அரைமணி நேரம் நல்லபடியாகப் பேசினார். ஆறு மாதத்தில் கால்வாயும் வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோதும் அந்தப் பெண்கள் அங்கேயே இருந்தார்கள். அதில் ஒருவர் என் கடையில் பற்று வைத்திருப்பவர். "உள்ளே போய்ட்டு வந்துட்டீங்களே அண்ணே, எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். "உங்க விஷயம் என்னம்மா?" என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பிற்பாடுதான் தெரிந்தது. உடைந்த பருப்புக்குக் கூலியைக் குறைக்கிறார்கள், எவ்வளவு எடைக்கு எவ்வளவு கூலி என்று ஒரு சீட்டாவது எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் மனு. முந்திரித் தொழில் செய்கிற இருவர் அன்று எங்களோடு உள்ளே உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

ஒரு காலத்தில் இந்த வித்தியாசம் சட்டத்திலேயே இருந்தது. 1920-ஆம் ஆண்டு சென்னை மாகாண சட்டசபைக்கு முதல் நேரடித் தேர்தல் நடந்தபோது, நிலத்தீர்வையோ வரியோ கட்டுகிற அளவுக்குச் சொத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. நாலு கோடிக்கு மேல் ஜனம் இருந்த மாகாணத்தில் வாக்காளர் 12,48,156 பேர். நூற்றுக்கு மூன்று பேர். அவர்களிலும் வந்து ஓட்டுப் போட்டவர்கள் சுமார் மூன்று லட்சம். அந்தத் தேர்தலில் ஜெயித்த நீதிக்கட்சியின் முதல் மந்திரி நம் தென்னாற்காடு ஜில்லாக்காரர்தான், ஏ. சுப்பராயலு ரெட்டியார். 1920 டிசம்பரிலிருந்து 1921 ஜூலை வரை பதவியில் இருந்தார்.

நம் இன வியாபாரிகள் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. அந்தச் சபையில் வர்த்தகர்களுக்கென்று தனி இடங்கள் இருந்தன. தென்னிந்திய வர்த்தக சபைக்கும் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் பிரதிநிதிகள் உண்டு. 1937 தேர்தலில் 215 பேர் கொண்ட சட்டசபையில் வர்த்தகம், தொழிலுக்கு 6 இடம், நிலச்சுவான்தார்களுக்கு 6 இடம், தொழிலாளருக்கு 6 இடம் என்று பிரித்திருந்தார்கள். வர்த்தகர் என்றால் நம்மைப்போல் தராசு பிடிப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். கப்பலில் சரக்கு ஏற்றுகிறவர்கள், பாங்கு நடத்துகிறவர்கள். கிராமத்துப் பலசரக்குக் கடைக்காரன் அப்போதும் வாசலில்தான் நின்றிருப்பான்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952 தேர்தலில்தான் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. அதன் பலனை மற்ற ஜில்லாக்களைவிட நம் பக்கம்தான் முதலில் பார்த்தது. கடலூர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் நடத்திய உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. வட ஆற்காட்டுப் பக்கத்தில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 இடம். 375 பேர் கொண்ட சபையில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டும், பெரும்பான்மை இல்லை. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தார். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் மந்திரியானார். இதை சாதிக்கட்சி அரசியல் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. சாதி இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய சபைகளில் ஓட்டே இல்லாதிருந்த குடியானவனும் கூலிக்காரனும் ஒரே மூச்சில் இத்தனை பேரை அனுப்பியதையும் கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கட்சி பிறகு காங்கிரசில் கரைந்துபோனது தனிக்கதை.

இந்த ஓட்டின் கனம் நம் கடைக்குள்ளேயே வந்து இறங்கிய இடம் அரிசி. இதை நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் இதில் நஷ்டப்பட்டதாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1967-இல் அண்ணா ரூபாய்க்குப் படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று வருமானத்தை வைத்துக் குடும்ப அட்டைகளைப் பிரித்தது. பல மாநிலங்கள் அதன்படியே செய்தன. தமிழ்நாடு மட்டும் எல்லோருக்கும் அரிசி என்ற பழைய முறையை விடவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் விடவில்லை. 2006-இல் கிலோ இரண்டு ரூபாய், 2008-இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் 20 கிலோ இலவசம். ஒரு ஆட்சி குறைத்த விலையை அடுத்த ஆட்சி ஏற்றத் துணியவில்லை. ஏன்? அரிசி வாங்குகிறவர்கள் ஓட்டுப் போடுகிறவர்கள், அதுவும் தவறாமல் போடுகிறவர்கள்.

எங்கள் கடையில் 2006-க்கு முன்னால் புழுங்கல் அரிசி மூட்டை மூட்டையாக ஓடும். பிறகு சரிந்தது. சங்கத்தில் எல்லோரும் முணுமுணுத்தோம், நானும்தான். 2007-இல் துவரம்பருப்பும் பாமாயிலும் ரேஷனுக்கு வந்தபோது, "இனி உப்பும் புளியும்தான் பாக்கி" என்று ஒரு மூத்த வியாபாரி சொன்னது ஞாபகம் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரிசிப் பற்று போயிருந்தது. ஆனால் அதே வீடுகள் வாங்குகிற தேங்காய் எண்ணெய், டீத்தூள், பிஸ்கட், சலவைத்தூள் எல்லாம் ஏறியிருந்தது. ரேஷன் அரிசியை இட்லிக்குப் போட்டால் உளுந்தும் வெந்தயமும் நம்மிடம்தானே வந்தாக வேண்டும்? அரிசியில் கிலோவுக்குக் கிடைத்த சில்லறை லாபத்தைவிட இதில் மார்ஜின் அதிகம். அதைவிட முக்கியம், ஆனி ஆடியில் வாராக்கடனாகிற பற்று குறைந்தது. அரிசி மண்டிக்காரர்களுக்கு இது பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் அடி வாங்கியது வாங்கியதுதான். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய்க்கும் இதே கதை. பணம் பாங்கில் விழுந்த மறுநாள் எந்த வீட்டுப் பெண்கள் கடைக்கு வருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே லாரி பார்ட்டல்ஸ் என்ற பேராசிரியர் 2008-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் செனட்டர்கள் எப்படி ஓட்டளித்தார்கள், அவரவர் தொகுதியில் பணக்காரர், நடுத்தரத்தார், ஏழைகள் என்ன விரும்பினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மேல்மட்டத்தாரின் விருப்பத்துக்கு நல்ல கனம் இருந்தது, நடுத்தரத்தாருக்குக் கொஞ்சம் இருந்தது, வருமானத்தில் கீழே உள்ள மூன்றில் ஒரு பங்கினரின் விருப்பத்துக்குக் கனமே தெரியவில்லை என்று எழுதினார். 2014-இல் கிலென்ஸ், பேஜ் என்ற இருவர் 1,779 கொள்கை விஷயங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, சராசரி ஜனங்களின் விருப்பம் மட்டும் தனியாக நின்றால் அநேகமாக எதையும் அசைப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். இந்த முடிவுகளை மறுக்கிற பேராசிரியர்களும் அங்கே உண்டு.

அந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கிவைத்தால் இடிக்கிறது. அமெரிக்காவில் வருமானம் குறையக் குறைய ஓட்டுப் போடுவதும் குறைகிறது. இங்கே நேர்மாறு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் பதிவாயிற்று, நம் சிதம்பரம் தொகுதியில் 76-ஐத் தாண்டியது. பங்களாவும் அடுக்குமாடியும் நிறைந்த மத்திய சென்னையில் 54 சதவீதம்கூட முழுசாக இல்லை. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஓட்டுப்பதிவு அன்று காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அன்றைக்குக் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்கிறவர்களே முதலில் நிற்கிறார்கள். அதனால்தான் அரிசி வந்தது, சத்துணவு வந்தது, ஆயிரம் ரூபாய் வந்தது. ஏழையின் ஓட்டுக்கு மதிப்பில்லை என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த மதிப்பு எதுவரை போகிறது என்பதுதான் என் சந்தேகம். மாநிலம் முழுக்க ஒரே அளவாகப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடிய பொருள் என்றால் கிடைத்துவிடுகிறது. அரிசிக்கு எதிர்த்தரப்பு கிடையாது. எடைச்சீட்டு கேட்டால் எதிரில் ஒருவர் இருக்கிறார், அவர் தேர்தலுக்குப் பணம் கொடுத்தவர். கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று எழுதிப் போடச் சொல்வதற்கு அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. இறக்குமதியாகும் முந்திரிக்கொட்டைக்கு சுங்கவரி அதிகம் என்று தொழில் செய்வோர் டில்லி வரை போய்ச் சொன்னார்கள், 2018 பட்ஜெட்டில் அது 5 சதவீதத்திலிருந்து இரண்டரையாகக் குறைந்தது. அது நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிப்பேன். அதே கொட்டையை உடைக்கிற பெண்ணின் பேச்சு பண்ருட்டியைத் தாண்டவில்லை.

ஜெயித்துப் போகிறவர் எந்த வீட்டிலிருந்து போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். 1996 வரை சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட் 250 ரூபாய். அந்த வருஷம் 5,000 ஆயிற்று, 2010-இல் 10,000. அது பெரிதில்லை. 2022-இல் தேர்தல் கமிஷன் சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்கலாம் என்று வைத்த உச்சவரம்பு 40 லட்சம். உண்மையில் என்ன செலவாகிறது என்று டீக்கடைக்காரரைக் கேட்டாலே சிரிப்பார். சொத்துக்கணக்கை வேட்பாளர்கள் வெளியிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2002-இல் சொன்ன பிறகு நமக்கு விவரம் கிடைக்கிறது. 2009-இல் லோக்சபாவுக்குப் போனவர்களில் 315 பேர் கோடீஸ்வரர்கள். 2024-இல் போன 543 பேரில் 504 பேர். சென்னைக் கோட்டைக்கு 2021-இல் போனவர்களிலும் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கோடிச் சொத்துக்காரர்கள். பணக்காரர் என்பதால் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. கடன் சொல்லி சாமான் வாங்கிய அனுபவம் இல்லாதவருக்கு அதன் சங்கடம் எடுத்துச் சொன்னால்தான் தெரியும். எடுத்துச் சொல்ல உள்ளே விட வேண்டும்.

பணம் கொடுத்து ஓட்டு வாங்குவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர்; 2019-இல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே தள்ளிவைத்த, ரத்து செய்த மாநிலம் நம்முடையது. இதில் வேடிக்கை, பறக்கும் படையிடம் அகப்படுகிறவன் பெரும்பாலும் நம் ஆள். ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் பறிமுதல். பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் வாங்கப் போகிறவனும் முந்திரிப்பருப்பு விற்ற காசோடு திரும்புகிறவனும் எந்தச் சீட்டை வைத்திருப்பான்? அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்த அங்கத்தினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

வாங்குகிற ஏழையைத் திட்டுவது சுலபம். ஐந்து வருஷத்தில் பிரதிநிதியிடமிருந்து தன் கைக்கு நேராக வருவது அது ஒன்றுதான் என்று அவர் நினைக்கிறார். கடையில் ஒருவர் சொன்னார்: "மனுக் குடுத்தா ரசீது கூட வராது அண்ணே. இது வருது." எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் அன்று தெரியவில்லை.

நம் விஷயத்துக்கு வருகிறேன். சில்லறை வியாபாரி வருமானத்தில் இரண்டுங்கெட்டான். பெரிய மொத்த வியாபாரிக்கும் ஆலைக்காரருக்கும் இருக்கிற செல்வாக்கு நமக்கு இல்லை. கூலிக்காரருக்கு இருக்கிற எண்ணிக்கையும் இல்லை. ஆனாலும் 2012-இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது தமிழ்நாட்டு அரசு இங்கே விடமாட்டோம் என்று சொன்னது. வணிகர்கள் கொடுத்த நன்கொடையா அதைச் சொல்ல வைத்தது? அந்த நன்கொடையைப்போல நூறு மடங்கு கொடுக்கக்கூடிய கம்பெனிகள் எதிர்ப்பக்கம் நின்றன. ஊர் ஊராகக் கடையடைத்தோம், ஒவ்வொரு கடைக்கும் பின்னால் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்கு நாலு ஓட்டு, கடைக்கு வருகிற ஜனம் வேறு என்று அரசியல்வாதிகள் கணக்குப் போட்டார்கள். நம் பலம் வாடிக்கையாளரோடு சேர்ந்த பலம்தான். அதை விட்டுவிட்டுக் கவர் கொடுத்து உள்ளே போகும் பாதையைப் பிடித்தால் நம்மைவிடப் பெரிய கவர் கொண்டுவருகிறவன் வந்த அன்று நாமும் வாசலில் உட்கார வேண்டியதுதான்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, தோப்புக்குள் நடக்கவே வழியில்லாமல் கிடந்த அந்த நாட்களை மறக்க முடியாது. நிவாரணம் என்றபோது பட்டா உள்ளவரின் மரத்துக்குக் கணக்கு இருந்தது. அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிழைத்தவரின் போன கூலிக்குக் கணக்கே இல்லை. வாகாகக் காய்க்கிற மரம் மறுபடி வளர எத்தனை வருஷம் ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அத்தனை வருஷமும் அந்த வீடுகளின் பற்று நம் நோட்டுகளில் தான் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது நம் சங்கம் கொடுத்த மனுவில் கடைகளின் கூரை சேதம் இருந்தது, சரக்கு நனைந்தது இருந்தது. கூலி இழந்த வாடிக்கையாளர் பற்றி ஒரு வரி இல்லை. அந்த மனுவை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை நான் கொண்டுவரப் போகிறேன். தேர்தல் நேரத்தில் சங்கத்தின் பெயரால் எந்தக் கட்சிக்கும் வசூல் செய்து கொடுப்பதில்லை என்பது ஒன்று. தனிப்பட்ட முறையில் கொடுப்பவர் கொடுக்கட்டும், அது அவர் இஷ்டம். இன்னொன்று, கிராமசபைக்கு சங்கத்தின் சார்பில் ஆள் போக வேண்டும் என்பது. வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே காபியும் கிடையாது, தனி அறையும் கிடையாது; எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டும். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் அதே நிலை. அதைப் பற்றி நாம் ஒரு கண்டனத் தீர்மானமாவது போட்டோமா? எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போக ஸ்கூட்டரும் நேரமும் இல்லாதவருக்கு ஊராட்சித் தலைவர்தான் பிரதிநிதி.

முதல் தீர்மானத்துக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும். "நாளைக்கு ஒரு காரியம் என்றால் யார் உள்ளே விடுவார்கள்?" என்று ஒரு நண்பர் இப்போதே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். கால்வாய் வந்ததை நானே மேலே எழுதியிருக்கிறேன். அவரும் கூட்டத்துக்கு வந்து அதைப் பேசட்டும். நான் தோற்றுப்போனாலும் பரவாயில்லை.

அந்த அம்மாள் இப்போதும் என் கடைக்கு வருகிறார். போன பொங்கலுக்கு முன்னால் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் புதுப்பக்கம் போடச் சொன்னார். எடைச்சீட்டு கொடுக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கிராமசபைக்கு மனு எழுதித் தருகிறேன், நானும் கூட வருகிறேன் என்றேன். "வருவீங்களா?" என்று ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டு, கால் கிலோ உளுந்து போடச் சொன்னார்.